ஆந்தைக்கண் உயிரணுவும் அறிஞர் தேடலும்

கரும்பலகையில் எழுதிய கணக்கைத் தவறின்றிப் போடுகிறான். அதே கணக்கை வாய்மொழியாகச் சொன்னால் விழிக்கிறான். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. எதிரே நின்று அழைத்தால் உடனே எழுந்து நிற்கிறான். இத்தகைய பிள்ளையை 'மந்த புத்திக்காரன்' என்று முத்திரை குத்திப் பின்வரிசையில் அமர்த்திய வகுப்பறைகள் உலகில் எத்தனையோ! அவனிடம் குறைந்திருந்தது அறிவன்று, செவிப்புலனே என்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவருவதுண்டு.

அச்செவிப்புலனைப் பறித்தது யாது? பெற்றோர் வழி வரும் குறை ஒரு காரணம். அதனை விடுத்து ஏனைய காரணங்களை நோக்கினால், பிறவிச் செவிட்டுத் தன்மைக்குப் பல நாடுகளில் முதற் காரணமாக நிற்பது, தாயின் கருவறையிலேயே குழந்தையைத் தொற்றும் ஒரு வைரஸ் ஆகும். அதன் பெயர் சைட்டோமெகலோவைரஸ். கிரேக்க மொழியில் 'கைட்டோஸ்' என்பது இன்று உயிரணுவைக் குறிக்க வழங்கும் சொல். 'மெகாஸ்' என்றால் பெரியது. உயிரணுவைப் பெருக்க வைக்கும் வைரஸ் என்பது இப்பெயரின் பொருள். பெயரே வரலாற்றைச் சொல்லுகிறது. முதலில் கண்ணுக்குப் புலப்பட்டது வைரஸ் அன்று. அது பருக்க வைத்த உயிரணுவே. அந்த உயிரணுவைக் கண்டதற்கும், அதனுள் இருப்பது யாது என்று அறிந்ததற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது. அறிந்த பின்னரும், பிறந்த குழந்தையிடம் அதனை உரிய நாளில் தேடிப் பிடிக்க மேலும் அரை நூற்றாண்டு வேண்டியதாயிற்று. அந்நெடும் பயணத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கண்டும் விளங்காத காட்சி

1881-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு நோய்க்கூற்று அறிஞர் ஹியூகோ ரிபர்ட் என்பவர், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். அங்கே இயல்புக்கு மாறாகப் பருத்த உயிரணுக்கள் சில இருந்தன. ஒவ்வொன்றின் உட்கருவிலும் அடர்ந்த ஒரு திரளை. அத்திரளையைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம். பிற்கால மருத்துவர்கள் இத்தோற்றத்தை 'ஆந்தைக் கண்' என்று அழைத்தனர். இருளில் விழித்து நோக்கும் ஆந்தையின் கண்ணைப் பார்த்தவர்க்கு இவ்வுவமை எத்துணைப் பொருத்தமுடையது என்பது விளங்கும்.

ரிபர்ட்டுக்கு அக்காட்சியின் பொருள் விளங்கவில்லை. விளங்காத ஒன்றைப் பற்றி எழுத அவர் விரும்பவுமில்லை. அக்கண்ணாடித் தகடுகள் இருபத்து மூன்று ஆண்டுகள் வாளா கிடந்தன.

1904-ஆம் ஆண்டில் யெஸியோனெக், கியோலெமெனோக்லு என்னும் இருவர், எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்த ஒரு சிசுவின் நுரையீரல், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் இத்தகைய உயிரணுக்களைக் கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவை அமீபாவைப் போன்ற ஏதோ ஓரணு உயிர்களாக இருத்தல் கூடும் என்பது அவர்தம் கருத்து. அதனைப் படித்த பின்னரே ரிபர்ட் தமது பழைய தகடுகளை நினைவுகூர்ந்து, தாம் 1881-இல் கண்டதனை உலகுக்கு அறிவித்தார். குழந்தைகளின் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் அதே உயிரணுக்களைக் கண்டதாக உரைத்தார்.

1907-இல் லோவன்ஸ்டைன் என்பவர் இதனை அறியும் நோக்கத்துடனேயே முப்பது குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சோதித்தார். நான்கில் ஆந்தைக்கண் உயிரணு தென்பட்டது. அஃதாவது, இது ஏதோ ஒரு குழந்தைக்கு நேர்ந்த விபரீதம் அன்று. பரவலாகக் காணப்படும் ஒன்று என்பது அப்போதே புலனாயிற்று. ஆயினும் 'அது யாது?' என்ற வினா அப்படியே நின்றது. 1910-இல் ஸ்மித், வைட்மன் என்னும் அமெரிக்கர் இருவர், இஃது ஒரு புதுவகை அமீபாவே என்று துணிந்து, 'எண்டமீபா மார்ட்டினேட்டாலியம்' என்ற நீண்ட பெயரையும் சூட்டிவிட்டனர். இல்லாத உயிருக்குப் பெயர்சூட்டு விழா நடந்தது எனலாம்.

இவர்களை எள்ளி நகைத்தல் தகாது. அக்காலம் மலேரியா போன்ற நோய்களுக்கு ஓரணு உயிர்களே காரணம் என்று அறிஞர் அடுத்தடுத்துக் கண்டுபிடித்து வந்த காலம். புதிதாக எதனைக் கண்டாலும் அக்கண் கொண்டே பார்த்தனர்.

அயலான் அல்லன், உடலின் சொந்த அணுவே

1921-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்க அறிஞர் குட்பாஸ்ச்சர், டால்பட் என்பவருடன் சேர்ந்து இவ்வுயிரணுக்களை மீண்டும் ஆராய்ந்தார். இவை வெளியிலிருந்து புகுந்த அமீபாக்கள் அல்ல. உடலின் சொந்த உயிரணுக்களே உருமாறிப் பருத்துள்ளன என்று அவர்கள் நிறுவினர். சின்னம்மைக் கொப்புளத்தில் டைசர் என்பவர் முன்னரே கண்டிருந்த மாறுதலுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையையும் எடுத்துக் காட்டினர். 'சைட்டோமெகலியா', அஃதாவது உயிரணுப் பெருக்கம், என்ற சொல்லை ஆண்டவர்களும் இவர்களே. அதே ஆண்டில் லிப்ஷுட்ஸ் என்பவர், உட்கருவில் காணும் இத்திரளை அக்கி வகை நோயில் காண்பதை ஒத்தது என்றும், காரணம் ஒரு வைரஸாக இருத்தல் கூடும் என்றும் கூறினார்.

பகைவன் என்று எண்ணிய உருவம், பகைவனால் தாக்குண்ட நம்மவனே என்று தெரிந்தது. உண்மைப் பகைவன் அவனுள் ஒளிந்திருந்தான். நுண்ணோக்கிக்கும் அகப்படாத சிறியவன்.

அவன் உளன் என்பதற்குச் சான்று எங்ஙனம் பெறுவது? 1926-இல் கோல், கட்னர் என்னும் இருவர் கினிப் பன்றிகளிடம் அதனைப் பெற்றனர். கினிப் பன்றிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் பருத்த உயிரணுக்கள் உண்டு. அச்சுரப்பிகளை அரைத்து, பாக்டீரியாவும் ஊடுருவ இயலாத நுண்துளை வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை இளங் கினிப் பன்றிகளுக்கு ஊசி வழி ஏற்றினர். அவற்றிடமும் நோய் தோன்றிற்று. வடிகட்டியைக் கடந்து சென்றது வைரஸே என்பது உறுதியாயிற்று.

ஆனால் ஒரு தடை எதிர்ப்பட்டது. கினிப் பன்றியின் வைரஸ் கினிப் பன்றியை மட்டுமே பற்றியது. பிற விலங்கினத்தைத் தொடவில்லை. இவ்வகை வைரஸ்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இனத்தைக் கொண்டவை. மனிதனைப் பற்றும் வைரஸை எலியிலோ முயலிலோ வளர்த்துப் பார்க்கும் வழி இதனால் அடைபட்டது. மனிதக் குழந்தைக்குச் சோதனை செய்யவும் இயலாது. ஆராய்ச்சி முப்பது ஆண்டுகள் தயங்கி நின்றதற்கு இஃதே பெருங் காரணம்.

இதனிடையே 1932-இல் ஃபார்பர், வோல்பாக் என்னும் அறிஞர் இறந்த 183 குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஆராய்ந்து, நூற்றுக்குப் பன்னிரண்டு விழுக்காட்டில் ஆந்தைக்கண் உயிரணு இருத்தலை அறிவித்தனர். பிற நோயால் இறந்தவர்களிடமும் அது காணப்பட்டது. வைரஸ் பலரிடம் தீங்கின்றி உறங்குகிறது. சிலரை மட்டுமே கொல்லுகிறது என்னும் உண்மையின் நிழல் இங்கே விழுந்தது.

பிணவறையிலிருந்து தொட்டிலுக்கு

இதுகாறும் கூறிய கண்டுபிடிப்புகள் அனைத்திலும் ஒரு குறை உண்டு. அவை யாவும் இறந்த குழந்தையின் உடலிலிருந்து பெறப்பட்டவை. உயிரோடிருக்கும் குழந்தையின் மருத்துவருக்கு அவற்றால் யாது பயன்? மஞ்சட் காமாலையும் வீங்கிய ஈரலும் சிறுத்த தலையும் கொண்டு பிறந்த குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், நோயின் பெயரைக் குழந்தை இறந்த பின்னரே அறிய முடிந்தது.

1950-இல் வயட் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரு வழியைச் சுட்டினர். பருத்த உயிரணுக்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்களில் மிகுதியாக உள்ளன அல்லவா? அவை உதிர்ந்து சிறுநீரோடு வெளிவர வேண்டும் அன்றோ? ஆதலின் குழந்தையின் சிறுநீரில் அவற்றைத் தேடினால் என்ன என்றனர். 1952-இல் ஃபெட்டர்மன் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் அவ்வாறே செய்தார். சிறுநீரின் அடியில் தங்கிய வண்டலைத் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நோக்கினார். ஆந்தைக்கண் அவரை நோக்கி விழித்தது! உயிருள்ள குழந்தைக்கு இந்நோய் உளது என்று ஆய்வுக்கூடம் கண்டறிந்த தொடக்கம் அதுவே.

இச்சோதனைக்கு வேண்டியவை ஒரு குப்பிச் சிறுநீரும் ஒரு நுண்ணோக்கியுமே. ஆயினும் குறை இருந்தது. கடுமையாக நோயுற்ற குழந்தையிடமும் பருத்த உயிரணு எல்லா நாளும் சிறுநீரில் உதிர்வதில்லை. 'கண்டேன்' என்றால் நம்பலாம். 'காணேன்' என்றால் நம்புவதற்கில்லை. உயிரணுவை விடுத்து வைரஸையே பிடித்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

மூன்று கூடங்கள், ஒரே வைரஸ்

அதற்கான கருவியை 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்னும் மூவர் அளித்திருந்தனர். இளம்பிள்ளை வாத வைரஸைச் சோதனைக் குழாயில், மனித உடலிலிருந்து எடுத்த திசுக்களில் வளர்த்துக் காட்டியவர்கள் அவர்கள். அதற்காக 1954-இல் நோபல் பரிசும் பெற்றனர். மனிதனை மட்டுமே பற்றும் வைரஸுக்கு மனித உயிரணுவையே குழாயில் வளர்த்து உணவாகத் தரலாம். கினிப் பன்றி காட்டிய தடை இவ்வாறு நீங்கியது.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. அமெரிக்காவின் மூன்று நகரங்களில், ஒருவர் மற்றொருவரைச் சாராமல், மூவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவ்வைரஸைப் பிடித்தனர்.

முதலாமவர் செயின்ட் லூயி நகரத்து மார்கரெட் ஸ்மித் அம்மையார். இவர் ஒருவரே அதனைத் தேடியே சென்றவர். 1954-இல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸைக் குழாயில் வளர்த்துக் காட்டினார். அடுத்து, இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து மனித வைரஸையும் பிரித்தெடுத்தார். ஆனால் அவர் எழுதிய கட்டுரையை ஏற்கத் தயங்கினர். எலியின் வைரஸும் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்தமையால், அதுவே தவறிக் கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அம்மையார் சோர்ந்தாரல்லர், வேறொரு குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து இரண்டாம் முறையும் அவ்வைரஸைப் பெற்றார். அவரது கட்டுரை 1956-இல் வெளிவந்தது.

இரண்டாமவர் வாஷிங்டனை அடுத்த பெத்தெஸ்டாவில் இருந்த வாலஸ் ரோ. அறுவை செய்து அகற்றிய அடினாய்டு எனப்படும் மூக்கின் பின்புறத்துச் சதையைக் குழாயில் வளர்த்து, அதில் உறங்கும் வேறு வைரஸ்களை அவர் ஆராய்ந்து வந்தார். சில குழாய்களில் உயிரணுக்கள் எதிர்பாராத வகையில் சிதைந்தன. நோக்கினால், உட்கருவில் அதே திரளை! நோயின் அறிகுறி எதுவுமில்லாத சிறுமி ஒருத்தியின் சதையிலிருந்து வந்த அவ்வைரஸ் 'ஏ.டி. 169' என்ற குறியீட்டைப் பெற்றது. பின்னர் உலகத்து ஆய்வுக்கூடங்கள் பலவும் அதனையே அளவுகோலாகக் கொண்டன. 1990-இல் இவ்வைரஸின் மரபுப் பொருள் முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டதும் இந்த 'ஏ.டி. 169' கொண்டே.

மூன்றாமவர் பாஸ்டன் நகரத்துத் தாமஸ் வெல்லர். நோபல் பரிசு பெற்ற அதே வெல்லர். 1955-இல் மூன்று மாதக் குழந்தை ஒன்றைக் குறித்து அவரிடம் கேட்டனர். சிறுத்த தலை, காமாலை, வீங்கிய ஈரலும் மண்ணீரலும், மூளையில் சுண்ணப் படிவு. 'டாக்சோபிளாஸ்மா' என்னும் ஓரணு உயிரே காரணமாக இருத்தல் கூடும் என்று மருத்துவர்கள் கருதினர். அக்குழந்தையின் ஈரலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை வெல்லர் குழாயில் இட்டு, டாக்சோபிளாஸ்மா வளரும் என்று காத்திருந்தார். வளர்ந்தது அதுவன்று, உயிரணுக்களைப் பருக்க வைக்கும் வைரஸ்! 1904-இல் வைரஸின் வேலையைக் கண்டு ஓரணு உயிர் என்று மயங்கினர். 1955-இலோ ஓரணு உயிரைத் தேடிச் சென்றவர் வைரஸைக் கண்டார். ஐம்பது ஆண்டுப் பிழைக்கு வரலாறு செய்த கழுவாய் போலும் இது.

வெல்லர் வேறு குழந்தைகளின் சிறுநீரிலிருந்தும் இவ்வைரஸை வளர்த்தெடுத்து 1957-இல் வெளியிட்டார். இதனால், பிணவறையை நாடாமலும் ஈரலைக் கிள்ளாமலும், சிறுநீர் ஒன்றைக் கொண்டே வைரஸைப் பிடிக்க இயலும் என்பது நிலைபெற்றது. 1960-இல் அவரும் அவர்தம் துணைவரும் முன்மொழிந்த பெயரே 'சைட்டோமெகலோவைரஸ்'.

இரத்தம் சொன்ன செய்தி

ரோ தாம் வளர்த்த வைரஸைக் கொண்டு மற்றொரு சோதனையும் செய்தார். வைரஸ் ஒருவரைத் தொற்றினால் அவரது இரத்தத்தில் அதனை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அவ்வெதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பல வயதினரின் இரத்தத் தெளிநீரைச் சோதித்தார். பிறந்த குழந்தையின் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் நூற்றுக்கு 71 பேரிடம் அது இருந்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமோ நூற்றுக்கு 14 பேரிடம் மட்டுமே. பின் வயது ஏற ஏற அதுவும் ஏறி, 35 வயதைக் கடந்தவரில் நூற்றுக்கு 81 பேரிடம் காணப்பட்டது.

பிறந்தபோது மிகுந்து, தவழும் பருவத்தில் குறைந்து, பின்னர் மீண்டும் மிகுவது ஏன்? பிறந்த குழந்தையிடம் இருப்பது அதன் சொந்தப் பொருளன்று; தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியாகப் பெற்ற இரவல். சில மாதங்களில் அவ்விரவல் கரைந்து போகிறது. பின்னர் வாழ்நாளில் வைரஸ் வந்து தொற்றத் தொற்றச் சொந்த எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஆகவே, வயது வந்தோரில் பெரும்பாலோர் இவ்வைரஸை என்றோ ஒரு நாள் பெற்று, நோயென்று அறியாமலே கடந்து வந்தவர்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஏறத்தாழ எல்லோருமே இத்தகையோர். ஒருமுறை புகுந்த வைரஸ் வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்கிக் கிடக்கும்.

இதனால் விளையும் சிக்கலை நோக்குக. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது குழந்தையின் தொற்றைக் காட்டுகிறதா, தாயின் இரவலைக் காட்டுகிறதா? பிரித்தறிய இயலாது. முதற்கண் தோன்றும் 'ஐ.ஜி.எம்.' என்னும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆதலின் அதனைத் தேடலாம் என்றனர். ஆனால் தொற்றுடைய குழந்தைகள் பலரிடம் அது காணப்படவில்லை. கருவுற்ற தாயிடம் அதனைத் தேடினாலோ, தொற்று நேர்ந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் அது தங்கி நின்று, 'இப்போதுதான் தொற்றியது' என்று பொய்ச்சான்று கூறுவதுண்டு. இந்த ஐயத்தைப் போக்க, எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று அளக்கும் முறை பின்னாளில் வந்தது. புதிய எதிர்ப்பொருளின் பிடி தளர்ந்தது. மாதங்கள் செல்லச் செல்லப் பிடி இறுகும். பிடி இறுகியிருந்தால் தொற்று மூன்று நான்கு மாதங்களுக்கு முற்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

வாரங்கள் நாட்களாயின

வைரஸைக் குழாயில் வளர்ப்பது நம்பத் தகுந்த முறையே. ஆனால் அது பொறுமையைச் சோதிக்கும் முறை. இவ்வைரஸ் மெல்ல வளர்வது. முடிவு சொல்லச் சில நாட்கள் முதல் பல வாரங்கள் வரை ஆகும். சிறுநீரக மாற்றம் போன்ற அறுவைகள் பெருகியபோது இத்தாமதம் உயிருக்கே கேடாயிற்று. மாற்றிய உறுப்பை உடல் ஏற்பதற்காக நோயாளியின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்குவர். அப்போது உறங்கிய வைரஸ் விழித்துக்கொள்ளும்.

1984-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கிளீவ்ஸ் என்பவரும் குழுவினரும் இத்தாமதத்தை வென்றனர். நோயாளியின் சிறுநீரை உயிரணுப் படலத்தின் மேல் ஊற்றி, சுழலும் பொறியில் இட்டுச் சுற்றினர். சுழற்சியால் வைரஸ் விரைந்து உயிரணுவுள் புகுந்தது. பின்னர், வைரஸ் தன் வேலையைத் தொடங்கியவுடன் உண்டாக்கும் முதற் புரதத்தை, அதனை மட்டுமே பற்றும் ஒளிரும் எதிர்ப்பொருளால் அடையாளம் கண்டனர். உயிரணு பருக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடை 36 மணி நேரத்தில் கிடைத்தது. 1988-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆய்வாளர்கள் வளர்ப்பு முறையையே விடுத்து, இரத்தத்தின் வெள்ளணுக்களில் வைரஸின் புரதத்தை நேரே தேடி, சில மணி நேரத்தில் விடை கண்டனர்.

அதே 1988-இல் புதியதோர் ஆற்றல் இத்துறைக்குள் வந்தது. 1983-இல் கேரி மல்லிஸ் என்னும் அமெரிக்கர் கருதிய பி.சி.ஆர். முறையே அது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்த கட்டத்தில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக் கேட்டு மன்னனைத் திகைக்க வைத்த புலவன் கதையை ஆசிரியர் அனைவரும் அறிவர். பி.சி.ஆர். செய்வதும் அதுவே. வைரஸின் மரபுப் பொருளில் குறித்த ஒரு துண்டை மீண்டும் மீண்டும் இரட்டிக்கிறது. முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேற்படும். ஒளிந்திருந்த சிறு தடயமும் கண்ணுக்குத் தெரியும் அளவாகிறது. டெம்லர் என்பவரும் குழுவினரும் பிறந்த குழந்தைகளின் சிறுநீரில் இம்முறையால் சைட்டோமெகலோவைரஸைக் கண்டனர்.

கூரிய கத்திக்கும் ஒரு தீங்கு உண்டு. இச்சோதனை, நோய் செய்யாது உறங்கும் வைரஸின் சிறு சுவட்டையும் காட்டிவிடும். ஆகவே 'உண்டா, இல்லையா?' என்பதோடு 'எவ்வளவு?' என்பதையும் கேட்கலாயினர். ஓர் ஆய்வுக்கூடத்தின் அளவு மற்றொன்றின் அளவோடு ஒத்திராமல் இடர்ப்பட்டபோது, உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு பொது அளவுப் பொருளை நிறுவிற்று. படிக்கு ஒரு முத்திரை இட்டது போன்ற செயல் இது.

இருபத்தொரு நாள்

இனி, தொடக்கத்தில் கூறிய பிள்ளையிடம் மீள்வோம். கருவிலேயே தொற்றுப் பெற்றுப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது, வெளிக்குறி ஏதுமின்றி நலமான குழந்தையாகவே பிறக்கின்றன. அத்தகையோரிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் பின்னர்ச் செவிப்புலன் குன்றுகின்றனர். சிலர்க்குப் பிறந்தபோதே குறை இருக்கும். சிலர்க்கோ பிறந்தபோது நடத்தும் செவிச் சோதனையில் தேறிய பின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் குறை தொடங்கும். பேசக் கற்கும் பருவத்தில் கேட்கும் ஆற்றல் சிறிது சிறிதாகக் கழன்று போகிறது, வீட்டார் அறிவதில்லை.

இதனை முன்னரே அறிய வேண்டுமாயின் பிறந்த இருபத்தொரு நாட்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதித்தல் வேண்டும். ஏன் இக்கெடு? பிறக்கும்போது பிறப்புவழியிலும், பின்னர்த் தாய்ப்பாலிலும் இவ்வைரஸைக் குழந்தை பெறக்கூடும். அவ்வாறு பெறுவது நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது சிறுநீரில் தோன்ற மூன்று வாரமளவு ஆகும். ஆதலின், அதற்கு முன் வைரஸ் காணப்பட்டால் அது கருவறையில் பெற்றது என்று உறுதி கூறலாம். இருபத்தொரு நாள் கடந்துவிட்டால், எத்துணைக் கூரிய சோதனையாலும் இரண்டையும் பிரிக்க இயலாது. வைரஸ் இருப்பது தெரியும். அது வந்த நாள் தெரியாது.

நாள் தவறிய பின் சான்று சொல்லக்கூடியது ஒன்றே. பிறவி நோய்களைக் கண்டறியக் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்துத் தாளில் உலர்த்தி வைத்த இரத்தத் துளியே அது. அமெரிக்கரான ராபர்ட் கத்ரி 1960-களில் பரப்பிய வழக்கம் இது. அவ்வுலர்ந்த துளியில் இவ்வைரஸின் சுவட்டைக் காணலாம் என்று 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அத்தாள்கள் பல நாடுகளில் ஏற்கெனவே எடுக்கப்படுவதால், எல்லாக் குழந்தைகளையும் எளிதில் சோதித்துவிடலாமே என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்நம்பிக்கையை அமெரிக்காவில் அலபாமாப் பல்கலைக்கழகத்து பொப்பானா என்பவரும் பல மருத்துவமனையினரும் சேர்ந்து உரைத்துப் பார்த்தனர். 2010-இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது. 20,448 குழந்தைகளைச் சோதித்ததில் 92 பேருக்குப் பிறவித் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் உலர்ந்த இரத்தத்தால் கண்டறியப்பட்டவர் மூவரில் ஒருவர் என்ற அளவே. தொற்றுடைய குழந்தை எல்லாவற்றின் இரத்தத்திலும் வைரஸ் போதிய அளவு இருப்பதில்லை என்பதே காரணம். அடுத்த ஆண்டு அவர்களே உமிழ்நீரை எடுத்து ஆராய்ந்தனர். 34,989 குழந்தைகளில் 177 பேரிடம், அஃதாவது இருநூற்றில் ஒருவரிடம், தொற்று இருந்தது. உமிழ்நீரைப் பி.சி.ஆர். முறையில் சோதித்தபோது, வளர்ப்பு முறை கண்ட தொற்றில் நூற்றுக்கு 97-க்கு மேல் பிடிபட்டது. வாயின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தடவி எடுத்தால் போதும்! தாய்ப்பாலின் சுவடு வாயில் இருந்து மயக்கக்கூடும் என்பதால், உமிழ்நீரில் வைரஸ் காணப்பட்டால் சிறுநீரில் மறுமுறை நோக்கி உறுதி செய்வர்.

லோவன்ஸ்டைன் 1907-இல் இறந்த குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டது, நூற்றாண்டு கழித்து உயிருள்ள குழந்தையின் உமிழ்நீரிலேயே கிடைத்தது!

சட்டங்களும் பின்தொடர்ந்தன. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், செவிச் சோதனையில் தவறிய குழந்தைகளுக்கு இச்சோதனையைச் செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 2019-இலும், அமெரிக்காவின் மின்னசோட்டா 2023-இலும், குறைபாடு இருப்பினும் கைக்கெட்டும் உலர்ந்த இரத்தத்தைக் கொண்டே பிறந்த குழந்தைகள் அனைவரையும் சோதிக்கத் தொடங்கின. முறைகள் திருந்தியதால் இரத்தத் துளியின் கூர்மையும் முன்னிலும் மிகுந்தது. நோய்க்குறியோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் தரும் வால்கான்சிக்ளோவிர் என்னும் மருந்து, செவிப்புலனை ஓரளவு காக்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குறியின்றிப் பிறந்தோர்க்கு, தொற்று உண்டு என்று தெரிந்திருப்பதே பெரும் பயன். அவர்களது செவியை இடையிடையே சோதிக்கலாம்; குறை தோன்றியவுடன் செவிக்கருவி பொருத்தலாம்; மொழி வளரும் பருவம் வீணாகாமல் காக்கலாம்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

ரிபர்ட் கண்ட அதே ஆந்தைக்கண்ணை நாற்பது ஆண்டுகள் பலரும் கண்டனர். கண்களில் குறையில்லை, 'இது அமீபாவா?' என்று கேட்ட வினாவிலே குறை இருந்தது. வினா மாறியபோது விடையும் மாறியது. பின்னர் வினா சரியாக இருந்தும், கேட்ட நாள் தவறியதால் விடை கிடைக்காமற் போயிற்று. எதனைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த நாளில் கேட்பது என்னும் மூன்றையும் கற்றுத் தேற மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டியதாயிற்று.

இவ்வரலாறு ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. இருபத்தொரு நாட்களுக்குள் எவரும் சோதிக்காத குழந்தைகளே உலகில் மிகப் பலர். அவர்களுள் சிலர் ஏழு வயதில் பள்ளிக்கு வந்து அமர்கின்றனர். அவர்களுக்கு எஞ்சியிருக்கும் சோதனைக்கூடம் வகுப்பறையே. அழைத்தும் திரும்பாத பிள்ளையைக் கண்டால், 'இவன் ஏன் கவனிப்பதில்லை?' என்று கேட்பது பழைய வினா. 'இவனுக்குக் காது கேட்கிறதா?' என்று கேட்டு, பெற்றோரை அழைத்துச் சொல்லிச் செவி மருத்துவரிடம் அனுப்புவதே உரிய வினா. அவ்வினாவைக் கேட்க நுண்ணோக்கி வேண்டியதில்லை.